சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஒலி மட்டும் வருகிறது: ஸ்டார்ட்டரைக் கழற்றுவதற்கு முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என்னுடைய பெட்ரோல் காரில் சில வாரங்களாக ஒரு கோளாறு தொடர்ந்து வருகிறது. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் சுழல வேண்டிய நேரத்தில், பானெட்டுக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரே ஓர் ஒலி மட்டும் தெளிவாகக் கேட்கிறது. அதற்கு மேல் எதுவும் நடப்பதில்லை. சாவியை விட்டுவிட்டு மறுபடியும் திருப்பினால் சில நேரம் உடனே செல்ஃப் எடுத்துவிடுகிறது. சில நேரம் பலமுறை திருப்ப வேண்டியிருக்கிறது. எடுத்துவிட்டால் எந்தத் தயக்கமும் இல்லாமல், வழக்கமான வேகத்திலேயே சுழன்று இன்ஜின் ஓடத் தொடங்குகிறது.

இன்ஜின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் தொல்லை குறைவு. வெகுதூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, சிறிது நேரம் கழித்து மீண்டும் எடுக்க முயலும்போதுதான் அடிக்கடி நிகழ்கிறது. பேட்டரி புதியது, அதை மாற்றியும் கோளாறில் எந்த மாற்றமும் இல்லை. பணிமனை ஒன்றில் காட்டியபோது, எதையும் அளந்து பார்க்காமலேயே ஸ்டார்ட்டர் மோட்டாரை முழுமையாக மாற்றிவிட வேண்டும் என்று சொன்னார்கள். அளந்து பார்க்காமல் சொல்லப்பட்ட தீர்ப்பை ஏற்றுக்கொள்ள எனக்கு மனமில்லை.

என்னிடம் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஸ்பேனர் செட், ஜாக், இரண்டு ஸ்டாண்டுகள் ஆகியவை உள்ளன. கியர் கையால் மாற்றும் வகை. கோளாறு ஸ்டார்ட்டருக்குள் இருக்கிறதா, அல்லது அதற்கு வரும் வயரிலோ ரிலேயிலோ எர்த்திலோ இருக்கிறதா என்பதை வண்டியிலிருந்து கழற்றாமலேயே எப்படி உறுதி செய்வது? உள்ளேதான் என்றால், அதை வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்ய முடியுமா? சூடானால் மட்டும் கோளாறு கூடுவது ஏன் என்பதையும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

வணக்கம். நீங்கள் விவரித்திருக்கும் விதத்திலேயே பாதி விடை இருக்கிறது. மீதிப் பாதியை மல்டிமீட்டரே சொல்லிவிடும், ஆனால் அதைச் சரியான முறையில் வைத்துப் பார்க்க வேண்டும். பலரும் தவறிப்போகும் இடம் அதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், அந்த 'டக்' எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஃபியூஸ் பெட்டியில் இருக்கும் ஸ்டார்ட்டர் ரிலேயும் ஒலி எழுப்பும். ஆனால் அது மெல்லிய 'டிக்'. ஸ்டார்ட்டரின் மேல் அமர்ந்திருக்கும் சொலினாய்டு என்ற மின்காந்த ஸ்விட்சின் ஒலி கனமானது, இன்ஜின் உடம்பில் கை வைத்தால் அதிர்வாகவே உணரலாம். சாவியைத் திருப்பும்போது சொலினாய்டு இரண்டு வேலைகளை ஒரே இழுப்பில் செய்கிறது: ஒரு பக்கம் பினியன் பற்சக்கரத்தை ஃபிளைவீலின் ரிங் கியரோடு கோத்துவிடுகிறது, மறுபக்கம், உள்ளே இருக்கும் இரண்டு செம்புத் தொடர்புகளை ஒரு செம்புத் தட்டால் இணைத்து, பேட்டரியின் முழு மின்சாரத்தையும் மோட்டாருக்குள் செலுத்துகிறது. ஆகவே கனமான 'டக்' கேட்டால் முதல் வேலை நடந்திருக்கிறது, இரண்டாவது வேலையிலோ அதற்குப் பின்னரோ தடை இருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். ஒரே ஒலிக்குப் பதிலாக 'டகடகடக' என்று வேகமாக அடித்துக்கொண்டால் கதை வேறு: பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும் அல்லது டெர்மினல் சரியாகப் பிடித்திருக்காது. சொலினாய்டை இழுத்த நிலையிலேயே பிடித்துவைக்கும் கம்பிச்சுருளான பிடிசுருள் அறுந்திருந்தாலும் அதே ஒலி வரும்.

கருவியே இல்லாமல் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. இருட்டில் ஹெட்லைட்டை எரியவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். 'டக்' என்ற கணத்தில் வெளிச்சம் வெகுவாக மங்கினால், மின்சாரம் பெருமளவில் பாய முயல்கிறது, ஆனால் எதுவோ சுழல மறுக்கிறது, அல்லது பேட்டரிக்குத் திராணியில்லை. வெளிச்சம் ஏறக்குறைய மாறாமல் இருந்தால், மின்சாரம் மோட்டாரைச் சென்றடையவே இல்லை. மங்கும் வகை என்றால் மேற்கொண்டு சாவியைத் திருப்பாதீர்கள். கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு இன்ஜினைக் கையால் சுழற்றிப் பாருங்கள். அது அசையாவிட்டால் நோய் ஸ்டார்ட்டரில் இல்லை. சிலிண்டருக்குள் தண்ணீரோ எரிபொருளோ தேங்கிப் பூட்டிக்கொண்டிருந்தால், வலிந்து சுழற்றும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இனி அளவீடு. கைபிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜின் ஓடிவிடாதபடி எரிபொருள் பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள். மீட்டரை டிசி (நேர்திசை மின்சாரம்) வோல்ட் அளவுக்கு, 20 வோல்ட் வரம்பில் வையுங்கள். அதை ஆம்பியர் துளையில் செருகி ஸ்டார்ட்டர் வழியில் ஒருபோதும் இணைக்க வேண்டாம்: சாதாரண மீட்டர் 10 ஆம்பியர் வரைதான் தாங்கும், ஸ்டார்ட்டர் இழுப்பதோ சிறிய பெட்ரோல் இன்ஜினிலேயே நூறு ஆம்பியரை ஒட்டியும் அதற்கு மேலும் போகும்.

ஓய்வில் இருக்கும் பேட்டரி முழு மின்னேற்றத்தில் 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. இன்ஜினைச் சுழற்றும்போது அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. பேட்டரி புதியது என்பதற்காக இந்த அளவைத் தவிர்த்துவிடாதீர்கள். மீட்டர் ஊசியை வயர் டெர்மினலின் மேல் வைக்காமல், பேட்டரியின் ஈயத் தூணின் மேலேயே வைக்க வேண்டும். தூணுக்கும் டெர்மினலுக்கும் இடையில் படிந்திருக்கும் வெண்பூஞ்சு போன்ற அரிப்புகூட ஒரு தடைதான்.

அடுத்து வருவதே முக்கியமான சோதனை. பேட்டரி வயரையோ எர்த் வயரையோ ஓம் அளவில் வைத்துப் பார்த்து 'சுழியம் காட்டுகிறது, வயர் நன்றாக இருக்கிறது' என்று முடிவுகட்டுவது நம்மிடையே பரவலான பழக்கம். ஓமில் நூறில் ஒரு பங்கைச் சாதாரண மீட்டரால் காட்டவே முடியாது. ஆனால் 150 ஆம்பியர் பாயும்போது அந்த 0.01 ஓம், ஒன்றரை வோல்ட்டை விழுங்கிவிடும். பல இழைகளில் சிலவற்றைத் தவிர மற்றவை அறுந்துபோன வயர்கூட, மின்பளு இல்லாத நிலையில் முழு வோல்ட்டையும் காட்டும். ஆகையால் பளு இருக்கும்போது எங்கே எவ்வளவு வோல்ட் இழக்கப்படுகிறது என்று பார்ப்பதே சரியான வழி.

மீட்டரின் சிவப்பு ஊசியைப் பேட்டரியின் பாசிட்டிவ் தூணிலும், கறுப்பு ஊசியைச் சொலினாய்டில் தடித்த வயர் ஏறும் போல்ட்டின் முனையிலும் வைத்து, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அந்த போல்ட்டுக்கு 30 என்றோ 'பி' என்றோ குறியிருக்கும். இன்ஜின் சுழலும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வயரிலோ அதன் இணைப்பிலோ கோளாறு. பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் தூணுக்கும் ஸ்டார்ட்டரின் உலோக உடம்புக்கும் இடையே அதே போலப் பாருங்கள், 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே உள்ள எர்த் பட்டையைக் கழற்றி, பெயின்ட்டும் துருவும் போகச் சுரண்டி, மறுபடி இறுக்குங்கள்.

மூன்றாவதாக, சாவியிலிருந்து வரும் மெல்லிய வயர். அது ஏறும் முனைக்கு 50 அல்லது 'எஸ்' என்று பெயர். 'டக்' மட்டும் கேட்கும் தருணத்தில் அந்த முனைக்கும் உடம்புக்கும் இடையே எவ்வளவு வோல்ட் வருகிறது என்று பாருங்கள். பேட்டரி அளவைவிட ஒரு வோல்ட் குறைவாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். எட்டு ஒன்பது வோல்ட்தான் வருகிறது என்றால், சாவி ஸ்விட்சின் உட்பகுதியோ ரிலேயின் தொடர்போ கிளட்ச் பெடல் ஸ்விட்சோ தேய்ந்திருக்கிறது. அப்போது ஸ்டார்ட்டரைக் கழற்றுவது வீண் வேலை.

நான்காவது, சொலினாய்டிலிருந்து மோட்டாருக்குள் போகும் குறுகிய தடித்த பட்டை அல்லது பின்னல் வயர் ஏறியிருக்கும் 'எம்' முனை. கோளாறு நிகழும் அதே நேரத்தில் 'பி' முனைக்கும் 'எம்' முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். செம்புத் தொடர்புகள் நன்றாக இணைந்திருந்தால் 0.3 வோல்ட்டுக்குள் இருக்கும். ஏறக்குறைய பேட்டரியின் முழு அளவையும் காட்டினால், பிளஞ்சர், அதாவது சொலினாய்டுக்குள் நகரும் இரும்புத் தண்டு, இழுக்கப்பட்டும் தொடர்புகள் சேரவில்லை என்று பொருள். இதற்கு நேர்மாறாக 'எம்' முனைக்கும் உடம்புக்கும் இடையே முழு வோல்ட் வந்தும் மோட்டார் சுழலவில்லை, வெளிச்சமும் மங்கவில்லை என்றால், மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் கார்பன் பிரஷ், சுழலும் பகுதியில் உள்ள செம்புத் தகடு வளையமான கம்யூடேட்டரைத் தொடவில்லை.

கோளாறு விட்டுவிட்டு வருவதால், அது வரும் வேளையில் அளந்தால்தான் பயன். ஓட்டி நிறுத்தி, சூட்டோடு சூடாகப் பாருங்கள். ஆனால் சைலன்சர் குழாயில் கையோ மீட்டர் வயரோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீழேயிருந்துதான் முனைகளை எட்ட முடியும் என்றால், ஜாக்கின் மேல் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். ஸ்டாண்டுகளில் இறக்கி, எஞ்சிய சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே நுழைய வேண்டும். சாவி திருப்பப்படும்போது வண்டிக்கு அடியில் யாரும் இருக்கக் கூடாது. மீட்டர் வயர்களை முதலை வாய்க் கிளிப்புகளால் முனைகளில் பிடித்து, வெளியே நீட்டி வைத்துக்கொண்டு படியுங்கள்.

பதில் 2

முந்தைய பதில் மிகச் சிறப்பானது. எர்த் பற்றி ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். எர்த் பட்டையின் மேல் ஐயம் இருந்தால், ஜம்பர் கேபிள் ஒன்றைப் பேட்டரியின் நெகட்டிவ் தூணிலிருந்து நேராக இன்ஜினின் வெற்று உலோகப் பகுதிக்குக் கொடுத்து எடுத்துப் பாருங்கள். கோளாறு மறைந்தால் விடை கிடைத்துவிட்டது. எர்த் பட்டை அறுந்த வண்டிகளில் மின்சாரம் வேறு வழி தேடி, கியர் கேபிள், கிளட்ச் கேபிள் போன்றவற்றின் வழியாகத் திரும்புவதும், அவை தொட முடியாத அளவுக்குச் சூடாவதும் உண்டு. அத்தகைய சூட்டைக் கண்டால் உடனே நிறுத்திவிடுங்கள்.

ஸ்டார்ட்டரைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். சோதனையாக அது பயனற்றது அல்ல: மோட்டாரின் உடம்பைத் தட்டியதும் எடுத்தால் பிரஷ் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம், சொலினாய்டைத் தட்டியதும் எடுத்தால் பிளஞ்சர் சிக்குகிறது அல்லது தொடர்பு தேய்ந்திருக்கிறது. ஆனால் இன்றைய ஸ்டார்ட்டர்கள் பலவற்றில் உடம்பின் உட்புறத்தில் காந்தத் துண்டுகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஓங்கி அடித்தால் அவை பிளந்து, மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சரில் சிக்கிக்கொள்ளும். பழுதுபார்க்கக்கூடிய மோட்டார் அத்துடன் தூக்கியெறிய வேண்டியதாகிவிடும். மரக் கைப்பிடியால் மெல்லத் தட்டினால் போதும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்ன வரிசையிலேயே அளந்தேன். பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட், இன்ஜின் சுழலும்போது 10.5. பாசிட்டிவ் வயரில் இழப்பு 0.2, எர்த் பக்கம் 0.1. ஹெட்லைட் சோதனையில், 'டக்' மட்டும் கேட்கும்போது வெளிச்சம் சிறிதளவே குறைகிறது.

வண்டியை ஓட்டிச் சூடாக்கி நிறுத்தி, கோளாறு வரும்வரை காத்திருந்து பார்த்தபோது, 50 முனையில் 11.3 வோல்ட் வந்தது. அதே நேரத்தில் 'பி'க்கும் 'எம்'முக்கும் இடையே 12 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாக மீட்டர் காட்டியது. சாவியை விட்டு மறுபடி திருப்பியதும் செல்ஃப் எடுத்தது; அப்போது அதே இரு முனைகளுக்கும் இடையே 0.6 வோல்ட் இருந்தது.

அப்படியானால் வயர்களும் எர்த்தும் நலம், சொலினாய்டின் செம்புத் தொடர்புகளே குற்றவாளி என்று எடுத்துக்கொள்ளலாமா? சொலினாய்டைப் பிரிக்கும் முறையையும், மோட்டாரையும் அதே சமயம் திறந்து பார்ப்பது நல்லதா என்பதையும் சொல்லுங்கள்.

பதில் 3

உங்கள் அளவுகள் ஐயத்துக்கு இடமின்றிப் பேசுகின்றன. சொலினாய்டுக்கு வேண்டிய மின்சாரம் 50 முனைக்கு வருகிறது, பிளஞ்சரும் நகர்கிறது. ஆயினும் 'பி'க்கும் 'எம்'முக்கும் இடையே பேட்டரியின் அளவு ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. எடுக்கும் நேரத்திலும் 0.6 வோல்ட் அங்கேயே இழக்கப்படுகிறது என்பது, தொடர்புகள் சேர்ந்தாலும் முழுப் பரப்பும் சேரவில்லை என்பதற்குச் சான்று. ஸ்டார்ட்டரை முழுமையாக மாற்றத் தேவையில்லை என்றே கருதுகிறேன்.

சூட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடும். ஸ்டார்ட்டர் பெரும்பாலும் சைலன்சர் குழாய்க்கோ இன்ஜின் உடம்புக்கோ நெருக்கமாக இருப்பதால், வண்டியை நிறுத்திய பிறகு காற்றோட்டமும் நின்று, சொலினாய்டின் வெப்பம் இன்னும் ஏறும். 80 பாகை கூடினால் சுருளின் தடை முப்பது விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்துவிடும். அதனால் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய கால் பங்கு குறையும். தொடர்புகள் புதியவையாக இருந்தால் அந்தக் குறைவை எளிதாகத் தாங்கிக்கொள்ளும். தேய்ந்து பள்ளம் விழுந்தவை என்றால், பிளஞ்சர் கடைசி மில்லிமீட்டர் வரை அழுந்திப் போனால்தான் சேரும். சூட்டில் அந்தக் கடைசி அழுத்தம் கிடைப்பதில்லை.

சொலினாய்டுக்குள் இரண்டு சுருள்கள் உண்டு என்பதையும் இங்கே தெரிந்துகொள்வது நல்லது. இழுசுருள் 50 முனையில் தொடங்கி 'எம்' முனையில் முடிகிறது. அதற்கு எர்த் கிடைப்பது மோட்டாரின் பிரஷ்கள் வழியாகத்தான். பிடிசுருள் நேராக உடம்பில் எர்த் ஆகிறது. தொடர்புகள் சேர்ந்ததும் இழுசுருளின் இரு முனைகளிலும் ஒரே வோல்ட் வந்துவிடுவதால் அது தானாகவே ஓய்ந்துவிடும், பிடிசுருள் மட்டும் பிளஞ்சரைத் தாங்கிநிற்கும். இந்த அமைப்பின் அழகு ஒருபுறமிருக்க, சோதிப்பவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு: 50 முனைக்கு முழு வோல்ட் வந்தும் 'டக்' ஒலியே கேட்காவிட்டால், சொலினாய்டு போய்விட்டது என்று உடனே தீர்மானிக்கக் கூடாது. பிரஷ்கள் தொடர்பு விட்டுப்போனாலும் இழுசுருள் எர்த் இழந்து, அதே மௌனம்தான் வரும்.

கழற்றும் வேலைக்கு வருவோம். மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் முதலில் கழற்றி வைத்துவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்து, அது துள்ளி வந்து தூணைத் தொடாதபடி துணியால் சுற்றி ஒதுக்குங்கள். ஸ்டார்ட்டருக்கு வரும் தடித்த வயருக்குப் பெரும்பாலான வண்டிகளில் ஃபியூஸ் கிடையாது; சாவி அணைந்திருந்தாலும் அதில் பேட்டரியின் முழு வலிமையும் நிற்கிறது. ஸ்பேனர் அதற்கும் இன்ஜினுக்கும் இடையே பட்டால், பட்ட இடம் உருகிப் பற்றிக்கொள்ளும். வயர்கள் ஏறியிருக்கும் நிலையைப் புகைப்படம் எடுத்துவிட்டு, பிறகு கழற்றுங்கள். ஸ்டார்ட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்கள் இரண்டோ மூன்றோதான்; ஆனால் பாரம் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக இருக்கும், ஒரு கையால் தாங்கிக்கொண்டே கடைசி போல்ட்டை எடுங்கள். வெளியே எடுத்ததும் அந்தத் துளை வழியாக ரிங் கியரின் பற்களை டார்ச் அடித்துப் பாருங்கள். இன்ஜின் எப்போதும் ஒரு சில நிலைகளிலேயே வந்து நிற்பதால், தேய்மானம் சில இடங்களில் மட்டும் குவிந்திருக்கும். கிராங்க் புல்லியைக் கையால் சுழற்றி முழு வட்டத்தையும் பார்த்துவிட வேண்டும்.

சொலினாய்டு இரண்டு வகைப்படும். ஒரு வகையில், பின்புற மூடியைப் பிடித்திருக்கும் மூன்று சிறிய திருகாணிகளைக் கழற்றினால் மூடி வந்துவிடும், பிளஞ்சரும் அதன் செம்புத் தட்டும் கையோடு வெளியே வரும். உள்ளே 'பி' பக்கத்துக்கும் 'எம்' பக்கத்துக்கும் தனித்தனியாக இரண்டு செம்புத் துண்டுகள் நட்டால் இறுக்கப்பட்டிருக்கும். உங்களுடையது இந்த வகையாக இருந்தால் வேலை மிக எளிது. துண்டுகளில் ஒன்று மற்றதைவிடக் கூடுதலாக, நடுவில் பிறைபோல் அரிபட்டு, விளிம்பு மட்டும் உயர்ந்து நிற்பதைக் காண்பீர்கள். அந்த விளிம்பை அரத்தால் தேய்த்துச் சமப்படுத்துவது சில வாரங்களுக்குத்தான் உதவும், ஏனெனில் குறைந்துபோன தடிமன் திரும்பி வராது. உங்கள் மாடலுக்குரிய புதிய இரண்டு துண்டுகளையும், தட்டு பள்ளமாகியிருந்தால் பிளஞ்சரையும் வாங்கி மாற்றுங்கள். மாற்றும்போது நட்டுகளை முழுவதும் இறுக்குவதற்கு முன் பிளஞ்சரைக் கையால் அழுத்திப் பிடித்து, தட்டு இரண்டு துண்டுகளிலும் ஒரே நேரத்தில் பதிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று தாழ்ந்திருந்தால் முழு மின்சாரமும் ஓர் ஓரத்தின் வழியாகவே பாய்ந்து, புதிய செம்பும் விரைவில் கருகிவிடும். பிளஞ்சரை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும், கிரீஸ் தடவாதீர்கள். கிரீஸில் செம்புத் துகளும் கார்பன் தூளும் ஒட்டிக் கெட்டியாகி, பிளஞ்சரையே சிக்கவைத்துவிடும்.

மற்றொரு வகையில் மூடியோடு சுருள்களின் முனைகள் ஈயம் வைத்துப் பற்றப்பட்டிருக்கும். அதைப் பிரித்து ஒட்டுவதற்குக் கனமான சால்டரிங் அயர்னும் கைப்பழக்கமும் வேண்டும். அந்த வகையாக இருந்தால், இரண்டு மூன்று திருகாணிகளில் நிற்கும் சொலினாய்டைத் தனியாக மட்டும் மாற்றிவிடுவதே அறிவுடைமை. மோட்டார் பழையதாகவே இருக்கலாம்.

மோட்டாரையும் திறக்க வேண்டுமா என்றால், இவ்வளவு உழைத்துக் கீழே இறக்கிய பிறகு பிரஷ்களைப் பார்க்காமல் மாட்டுவது சரியல்ல. பின்மூடியைக் கழற்றுவதற்கு முன், மூடியும் உடம்பும் சேரும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிரஷ்ஷின் நீளத்தைச் சர்வீஸ் கையேட்டின் எல்லையோடு ஒப்பிட்டு, நெருங்கியிருந்தால் அனைத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். கம்யூடேட்டர் மினுமினுப்பான பழுப்பு நிறத்தில் இருந்தால் அது நலமாக இருக்கிறது, தொட வேண்டாம். கறுத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் சுற்றித் துடைக்கலாம். எமரித்தாள் கூடாது, அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தித் தகடுகளுக்கு இடையே தங்கிவிடும். ஒன்றிரண்டு தகடுகள் மட்டும் கருகியிருந்தால் ஆர்மேச்சரின் சுருளில் அறுபட்ட இடம் இருக்கிறது. கம்யூடேட்டருக்கும் ஆர்மேச்சரின் அச்சுக்கும் இடையே மீட்டரில் எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. ஆர்மேச்சரின் இரும்புப் பரப்பில் பளபளப்பான உராய்வுத் தடம் தெரிந்தால், அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்து அது காந்தத்தில் உரசுகிறது. ஆர்மேச்சரின் இந்தக் குறைகளில் ஏதேனும் ஒன்று இருந்தால் மட்டும் முழு ஸ்டார்ட்டரையும் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

பினியனைக் கையால் சுழற்றிப் பாருங்கள்; ஒரு பக்கம் எளிதாகச் சுழல வேண்டும், மறுபக்கம் அச்சோடு சேர்ந்து பூட்டிக்கொள்ள வேண்டும். இரு பக்கமும் சுழன்றால் அதன் ஒருவழி கிளட்ச் போய்விட்டது. அந்தக் கிளட்சைப் பெட்ரோலிலோ டீசலிலோ ஊறவைத்துக் கழுவிவிடாதீர்கள், உள்ளே நிரப்பப்பட்ட கிரீஸ் கரைந்துவிடும். அது நகரும் சுருள்வரி அச்சில் மட்டும் மெல்லிய படலமாகக் கிரீஸ் இடலாம்.

வண்டியில் ஏற்றுவதற்கு முன் சோதிக்க விரும்பினால், ஸ்டார்ட்டரை வைஸில் இறுக்கிப் பிடித்த பிறகே செய்யுங்கள். கையால் அமுக்கிப் பிடித்தால், தொடங்கும் உதைப்பில் அது துள்ளிவிடும். ஜம்பர் கேபிளின் நெகட்டிவை உடம்புக்கும் பாசிட்டிவை 'பி' முனைக்கும் கொடுத்து, ஒரு சிறு வயரால் 'பி'யையும் 50 முனையையும் ஒரு கணம் இணைத்தால், பினியன் வெளியே பாய்ந்து சீராகச் சுழல வேண்டும். எடுத்ததும் உடனே உள்ளே திரும்ப வேண்டும். ஓரிரு நொடிகள் போதும். 1912ஆம் ஆண்டு மாடல் கேடிலாக் கார்களில் வந்த, சார்ல்ஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டரின் அடிப்படை எண்ணமே, சில நொடிகளுக்கு மட்டும் அளவுக்கு மீறிய பளுவைச் சுமக்கும் சிறிய மோட்டார் போதும் என்பதுதான். இன்றும் அது அப்படியே இருக்கிறது. வண்டியிலும் ஒரே மூச்சில் 10 நொடிக்கு மேல் சாவியைப் பிடித்திருக்காமல், அடுத்த முயற்சிக்கு முன் ஒரு நிமிடமாவது ஆறவிட வேண்டும்.

கேள்வி கேட்டவர்

வேலை முடிந்தது. என்னுடையது மூன்று திருகாணி வகை. பேட்டரிப் பக்கத்துச் செம்புத் துண்டு, நீங்கள் எழுதியபடியே நடுவில் பிறையாகக் குழிந்து, அடியில் இருக்கும் போல்ட்டின் தலைவரை அரிக்கப்பட்டிருந்தது. மோட்டார் பக்கத்துத் துண்டு கறுத்திருந்ததே தவிர பெரிதாகத் தேயவில்லை. பிளஞ்சரின் தட்டிலும் ஒரு பக்கம் மட்டும் ஆழமான தடம் இருந்ததால் மூன்றையும் மாற்றிவிட்டேன். பிரஷ்கள் கையேட்டின் எல்லைக்கு வெகு மேலே இருந்தன. கம்யூடேட்டர் பழுப்பு நிறம், அதைத் தொடவில்லை. ரிங் கியர் பற்களிலும் குறையில்லை.

மாட்டிய பிறகு, சூடாகவும் குளிர்ந்தும் மீண்டும் அளந்தேன். 'பி'க்கும் 'எம்'முக்கும் இடையே இப்போது 0.1 வோல்ட். நீண்ட தூரம் ஓட்டி நிறுத்தி, வழக்கமாகத் தொல்லை தரும் நேரத்தில் திருப்பிப் பார்த்தேன், முதல் திருப்பிலேயே எடுக்கிறது. ஓர் ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது: 'பி' போல்ட்டின் நட்டை எவ்வளவு இறுக்குவது? சற்றுத் தயக்கத்துடனேயே இறுக்கியிருக்கிறேன்.

பதில் 1

மகிழ்ச்சி. அந்த நட்டுக்குரிய முறுக்கு அளவு உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். டார்க் ஸ்பேனரால் அந்த அளவுக்கே இறுக்குங்கள், ஊகித்து இறுக்க வேண்டாம். செம்பு போல்ட் மென்மையானது, அதைப் பிடித்திருக்கும் மூடியோ பிளாஸ்டிக். மிகையாக இறுக்கினால் போல்ட் உள்ளேயே சுழன்று, நீங்கள் சமப்படுத்தி வைத்த செம்புத் துண்டையும் திருப்பிவிடும். தளர்வாக விட்டால் அந்த இணைப்பே சூடேறி மூடியை உருக்கிவிடும். இறுக்குவதற்கு முன் நெகட்டிவ் வயரைக் கழற்ற மறவாதீர்கள். இறுக்கி முடித்ததும் வயரின் முனையைக் கையால் அசைத்துப் பார்த்து, அது அசையாவிட்டால் ரப்பர் மூடியை அதன் இடத்தில் போட்டுவிடுங்கள்.